காது மிஷின்காரம்மா

வடசென்னைக்காரர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்று அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சினிமாவும் அதையே திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கிவிட்டது. வாய் நீளம், வம்புக்கு இழுக்கிற குரல், இத்யாதி. ராயபுரத்தில் பிறந்து, தண்டையார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, காது சோதிக்கிற வேலையிலேயே தலை நரைத்துப்போன எனக்கு அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கும். எட்டு மணி நேரம் பிரஸ் ஷாப்பில் நின்றுவிட்டு வருகிறவருக்குத் தன் குரலே தன் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. உயர்த்தாமல் என்ன செய்வார்? எண்ணூர் நெடுஞ்சாலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். யார் எதிராளியின் வாயையே பார்க்கிறார், யார் தலையைத் திருப்பி ஒரு காதை முன்னால் கொடுக்கிறார், யார் எல்லாவற்றுக்கும் சிரித்து வைக்கிறார் என்பது தெரிந்துவிடும். காதை அளக்கிற ஆடியோமீட்டர் அப்புறம்தான்.

ஆடியாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டு இப்போதெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். பிள்ளை பேசாது, பெற்றவர்கள்தான் பேசுவார்கள். "டாக்டரா?" இல்லை. "நர்ஸா?" இல்லை. "அப்போ இன்னாதான்மா அது?" காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, ஏன் கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க உதவி, கேட்க வைப்பதற்கு என்ன வழி உண்டோ அதைச் செய்து, கேட்கப் பழக்கி அனுப்புகிற வேலை என்று சொன்னால் பாதிதான் ஏறும். நான் கிளினிக் வைத்திருந்த தெருவில் எனக்கு வைத்த பெயர் காது மிஷின்காரம்மா. விசிட்டிங் கார்டில் என்னென்னவோ போட்டிருந்தேன். அதை யாரும் படித்ததில்லை.

என் நைனா துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் கான்ட்ராக்டர்களிடம் சிப்பிங் வேலை பார்த்தவர். கப்பலின் இரும்புத் தகட்டில் ஏறிய துருவைச் சுத்தியலாலும் காற்றுளியாலும் கொத்தி எடுப்பது. வெளியே தொங்கிக்கொண்டு கொத்துவது ஒரு ரகம். அடிவயிற்றில் இருக்கும் தண்ணீர் டேங்குக்குள் இறங்கிக் கொத்துவது இன்னொன்று. நாலு பக்கமும் இரும்பு, மேலே ஒரு ஆள் நுழைகிற ஓட்டை, உள்ளே ஆறேழு பேர் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். நாற்பது வயதுக்குள் அவருக்கு அம்மாவின் குரல் கேட்காமல் போனது. அவரோடு டேங்குக்குள் இறங்கியவர்களுக்கும் அப்படியே. யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. கையில் காய்ப்பு காய்த்ததுபோல் காதும் காய்த்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போவது கிடக்கட்டும், கான்ட்ராக்டரிடம் சொன்னால் அடுத்த கப்பலுக்குக் கூப்பிட மாட்டார் என்ற பயம் வேறு.

இதே கதை கிளாஸ்கோவில் 1886இல் எழுதப்பட்டுவிட்டது என்பது மைசூருக்குப் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கப்பல் கொதிகலன்களுக்கு ரிவிட் அடிக்கிற தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட காது இயல்பாக இல்லை. கொதிகலனுக்குள் நுழைந்து, ரிவிட்டைத் தாங்கிப் பிடிக்கிறவர்களின் பாடு இன்னும் மோசம். அந்த வரிகளை வாசித்தபோது கிளாஸ்கோவெல்லாம் கண்ணில் வரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைதான் வந்தது. அதைச் சொன்னால் வகுப்பில் யாருக்கும் புரியாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். எழுபதுகளில் அந்த வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள். டேங்குக்குள் இறங்கிய அப்பா எனக்கு மட்டும்தான்.

மைசூர் என்றது அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தை. 1965இல் மத்திய அரசு தொடங்கியது. இந்தத் துறைக்கு இந்தியாவில் அதுதான் தாய்வீடு. துறையே உலகத்தில் அப்போது இளசு. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்தில் காது போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரும்பிவர, அவர்களை என்ன செய்வது என்று இராணுவ மருத்துவமனைகளில் யோசித்தபோது உருவானது ஆடியாலஜி. ரேமண்ட் கார்ஹார்ட் என்பவரை அதன் தகப்பன் என்பார்கள். போரில் போன காதுக்காகப் பிறந்த துறை, கூலிக்காகப் போன காதைத் தேடி எங்கள் பக்கம் வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இன்னும் முழுசாக வந்தபாடில்லை.

எங்கள் பக்கத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் 1856இல் ரயில் வந்தது, தென்னிந்தியாவிலேயே முதல் ரயில் நிலையம். அப்புறம் துறைமுகம். சுதந்திரத்துக்குப் பிறகு திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மோட்டார், டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, 2017இல் நின்றது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம். அதிலிருந்து இரவும் பகலும் கன்டெய்னர் டிரெய்லர். தீப்பெட்டி ஆலையின் பெயரில் விம்கோ நகர் என்று ஊரே இருக்கிறது, 2021இல் மெட்ரோவும் அங்கே வந்துவிட்டது. தீக்குச்சி செய்த ஊராயிற்றே என்றோ என்னவோ, என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அதே குச்சியால்தான் காதைக் குடைந்துகொண்டு வந்தார்கள். சீழ் வடிகிற காதோடு வருகிற பிள்ளைகள் தனிக் கூட்டம். எண்ணெய் காய்ச்சி ஊற்றிய காது, கொண்டை ஊசி போட்ட காது. இவையெல்லாம் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துச் சரி செய்யக் கூடியவை. ஊசியும் சொட்டு மருந்தும் ஆபரேஷனும் அவர்கள் வேலை. ஆபரேஷனால் ஆகாது என்று அவர்கள் கை கழுவுகிற இடத்தில்தான் எங்கள் வேலை சூடு பிடிக்கும்.

இரைச்சல் காதுக்குள் செய்வதைச் சொல்ல வேண்டும். உட்காதில் நத்தைக்கூடு வடிவில் காக்ளியா என்று ஒன்று. அதில் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள். நாம் பிறக்கும்போது கொண்டுவருவது அவ்வளவுதான். செத்தால் திரும்ப முளைக்காது. இரைச்சலில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் சத்தத்தை வாங்குகிற இடம். கேட்கிற அளவைக் கோடாகப் போடுகிற ஆடியோகிராமில் வலது காதைச் சிவப்பு வட்டமாகவும் இடது காதை நீலப் பெருக்கல் குறியாகவும் போடுவோம். இரண்டு கோடும் நேராக வந்து 4,000இல் மட்டும் பள்ளத்தில் விழுந்து, 8,000இல் மறுபடி ஏறினால், அந்த ஆளைப் பார்க்காமலேயே "எந்த ஷாப்பில் இருந்தீர்கள்?" என்று கேட்கலாம். ஒரு மனுஷர் எதைச் செய்து பிழைத்தார் என்று இப்படிப் படம் போட்டுக் காட்டுகிற சோதனை வைத்தியத்தில் வேறு எத்தனை இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

அந்தப் பள்ளத்தோடு வருகிறவர் காது கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார். "சத்தம் நல்லா கேக்குதும்மா. இன்னா சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார். சரியாகத்தான் சொல்கிறார். பேச்சில் உயிரெழுத்து தாழ்ந்த சுருதியில் இருக்கும், அது வந்து சேர்ந்துவிடும். ச, ஸ, ஷ போன்றவை உச்சத்தில் இருக்கும், அவை உதிர்ந்துவிடும். மருமகள் 'பச்சை' என்றாலும் 'பத்து' என்றாலும் அவருக்கு ஒன்றுதான். குடும்பத்தில் இது எப்படி வெடிக்கும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. "வேண்டியது மட்டும் கேக்கும் இவருக்கு" என்று மனைவி சொல்வாள். கணவன் அவள் முணுமுணுக்கிறாள் என்பார். கல்யாணமாகி முப்பது வருஷமானவர்கள் என் கிளினிக்கில் உட்கார்ந்து, கோபத்தில் அவ்வளவு பழைய கணக்கைத் தீர்த்திருக்கிறார்கள். ஆடியோகிராமை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, இந்தப் பள்ளத்துக்குள்தான் நீங்கள் சொல்கிற பாதி விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டினால், முகம் மாறும். மிஷின் போடுவதற்கு முன்னாலேயே வீட்டில் பாதி சண்டை குறைந்துவிடும்.

டிபி ஊசி போட்டுக் காது போனவர்களும் எங்கள் பக்கம் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள் பல உயிர்களைக் காப்பாற்றின, சிலருடைய காதை எடுத்துக்கொண்டன. உயிர் பிழைத்தவர் காதைப் பற்றி முறையிடுவதே நன்றிகெட்டதனம் என்று நினைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் வராமலே இருந்துவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் வரை என்று நம் தொழிற்சாலை விதிகள் வைத்தன. 95 என்றால் நாலு மணி நேரம், 100 என்றால் இரண்டு. அமெரிக்காவின் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 85க்கு மேல் வேண்டாம் என்றும், மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்கு என்றும் சொல்கிறது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் காது கேளாமை அறிவிக்கவேண்டிய தொழில் நோயாக இடம் பெற்றது. நஷ்டஈட்டுச் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் நஷ்டஈடு கேட்டு ஆடியோகிராம் எழுதி வாங்க என்னிடம் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த ஆடியோகிராம் இருந்தால்தான் இவ்வளவு போயிற்று என்று காட்ட முடியும். அதை எடுத்து வைத்திருந்த பட்டறை எத்தனை? கான்ட்ராக்ட் ஆளுக்கு யார் எடுப்பார்?

இன்னொரு வேடிக்கை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்புத்திறன் குறைந்தவர். இரைச்சலில் போன காதுக்குத் தாழ்ந்த சுருதி நன்றாக இருப்பதால் சராசரி போட்டால் அந்த எல்லைக்கே வராது. டீக்கடைப் பேச்சு புரியாது, பஸ் கண்டக்டர் சொல்வது புரியாது, பேரன் பேச்சு புரியாது. ஆனாலும் சராசரி 38, சர்ட்டிபிகேட் கிடையாது. "அப்போ எனக்குக் காது கேக்குதுன்னு சொல்றியாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் எதைச் சொல்ல?

பிளஸ் டூ ரிசல்ட்டோடு வீட்டுக்கு வருகிற பெற்றோர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, "நைட் டூட்டி கிடையாதே?" கிடையாது. அதற்கப்புறம் சம்பளம். அதற்கப்புறம்தான் படிப்பு எங்கே என்பது. பிஏஎஸ்எல்பி என்பது பட்டப்படிப்பின் பெயர், நாலு வருடம். கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். ஆடியாலஜியும் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்தே இருக்கும். எம்எஸ்சியில்தான் பிரிந்து போகலாம். பிளஸ் டூவில் அறிவியல் பாடம் வேண்டும். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், போரூர் ஸ்ரீராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம், மெட்ராஸ் ஈஎன்டி ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்துகிற நிறுவனம், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம். வெளியூர் போகத் துணிந்தால் மைசூர், 1983இல் தொடங்கிய மும்பை அலி யாவர் ஜங் நிறுவனம். எங்கே படித்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் காது சோதித்துக் கருவி விற்கிற கடைகள் உண்டு, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்த அழுத்தம் ஏறும். 2021இல் சார்புச் சுகாதாரத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் சேருகிற வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே சரி.

திருவொற்றியூரில் நின்று பார்த்தால் இந்தச் சென்னைக் கல்லூரிகள் எல்லாமே தெற்கே. காது போவது வடக்கே. படித்து முடித்தவர்கள் கிளினிக் போடுவதும் அண்ணா நகர், தி.நகர், வேளச்சேரி. இதில் தப்பில்லை, வாங்கக் கூடியவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கேட்டல் பற்றிய அறிக்கையைப் புரட்டினால், மறுவாழ்வு தேவைப்படும் அளவுக்குக் காது குறைந்தவர்கள் உலகத்தில் 43 கோடிப் பேர், 2050இல் அது 70 கோடியைத் தாண்டும் என்று இருக்கிறது. குறைந்த வருமான நாடுகளில் 93 சதவீதத்தில் பத்து லட்சம் மக்களுக்கு ஒரு ஆடியாலஜிஸ்ட்கூடக் கிடையாதாம். நாடு நாடாகப் போட்ட கணக்கு அது. ஒரே ஊருக்குள் வடக்கு தெற்கு பார்த்து யாராவது போட்டால் நன்றாக இருக்கும்.

பக்கத்தில் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் குழந்தைகளைச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தை தூங்கும்போது காதில் ஒரு சின்ன முனையை வைத்து, ஓஏஇ என்ற சோதனையைச் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். சந்தேகம் என்றால் பெரா என்ற அடுத்த சோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கெடு. எங்கள் பக்கம் நடப்பது: "அவுங்க அப்பாவும் லேட்டாதான் பேசுனாரு" என்று பாட்டி சொல்வாள், மூன்று வயது ஆகும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகும்போது டீச்சர் சொல்லி அனுப்புவார்.

அதற்கப்புறம் அரசாங்கம் கைவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் செலவில்லாமல் வைக்கிறார்கள். உட்காதில் அறுவை செய்து வைக்கிற, லட்சக்கணக்கில் ஆகிற கருவி அது. மோகன் காமேஸ்வரன் போன்ற அறுவை மருத்துவர்கள் அதை இங்கே வேரூன்றச் செய்தார்கள். 2006இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பல சேனல்கள் கொண்ட இம்ப்ளான்ட்டை மெல்போர்னில் 1978இல் ஓர் ஆளுக்குப் பொருத்தியவர் கிரேம் கிளார்க். அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், காது சரியாகக் கேட்காதவர். அப்பா கடையில் வாடிக்கையாளர்களிடம் பட்ட சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று படித்ததிலிருந்து எனக்கு அந்த ஆஸ்திரேலியர் மேல் தனி வாஞ்சை.

ஆனால் இம்ப்ளான்ட் வைத்த அன்றைக்குக் குழந்தை பேசிவிடாது. வாரா வாரம் பயிற்சி, வருடக்கணக்கில். தாயும் கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிற ஒரு பெண் என்னிடம் வந்தாள். பையனுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்திருந்தது. பயிற்சி ஊரின் இன்னொரு கோடியில். இரண்டு பஸ் மாறிப் போய் வந்தால் அன்றைக்கு ஏலம் போச்சு, வருமானம் போச்சு, பெரிய பிள்ளைக்குச் சாப்பாடு போச்சு. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆகி, பிறகு நின்றும்விட்டது. "அம்மா அக்கறையில்லாதவள்" என்று அவளுடைய ஃபைலில் யாரோ எழுதியிருந்தார்கள். அக்கறை பஸ் டிக்கெட் எடுக்குமா? ஏலம் முடிகிற நேரத்துக்கு ஏற்றாற்போல் பத்து மணிக்கு என் கிளினிக்கில் பயிற்சி வைத்தோம். கூடையிலிருந்த மீன்களையே பாடப்பொருளாக்கினோம். சங்கரா, சுறா, கடம்பா. பையன் முதலில் தெளிவாகச் சொன்ன வார்த்தை 'சுறா'. அந்த 'சு'வுக்காக நாங்கள் பட்ட பாடு அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

சைகை மொழி பேசுகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் சைகை செய்தால் பிள்ளை பேசாது என்று கையைக் கட்டிப்போட்டவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு இந்திய சைகை மொழிக்கென்று 2015இலிருந்து டெல்லியில் தனி நிறுவனமே இருக்கிறது. எல்லாக் காதும் மிஷினுக்கு வராது, எல்லாருக்கும் வர வேண்டும் என்றும் இல்லை. ஒரு மனுஷி முழு வாழ்க்கையைச் சைகையில் நடத்துகிறாள் என்றால் அவளிடம் போய் ஆடியோகிராமை நீட்டிப் பரிதாபப்படுவது மரியாதைக் குறைச்சல். வணக்கம் சொல்லவும் பெயர் கேட்கவுமாவது கையால் கற்றுக்கொள்ளாத ஆடியாலஜிஸ்டை நான் வேலைக்கு வைத்துக்கொண்டதில்லை.

மிஷின் போட மறுப்பவர்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம். கண்ணாடி போடுகிறவனுக்குப் படித்தவன் என்று பெயர், காதில் மிஷின் போட்டால் செவிடன் என்று பெயர். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு மிஷின் பொருத்தினால், அம்மாக்காரி முதலில் கேட்பது பூ வைத்தால் மறையுமா என்பதை. மல்லிகைச் சரம் காதை ஒட்டித் தொங்கினால் மைக்கில் சரசரவென்று உரசும். அதனால் எங்கே சரத்தை முடிய வேண்டும், எவ்வளவு தள்ளி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இது எந்த சிலபஸில் வரும்? கடல்காற்றில் மிஷினுக்குள் ஈரமும் உப்பும் இறங்கும், ராத்திரி கழற்றி சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரியின் ஸ்டிக்கரைக் கிழித்த கணத்திலிருந்து அது காற்று வாங்கித் தீர ஆரம்பித்துவிடும், பாக்கெட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் கிழித்து வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். வாங்கிப் போய் பீரோவில் வைத்துவிட்ட மிஷின்கள் வடசென்னையில் எவ்வளவு கிடக்கிறதோ. விற்ற அன்றோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் விற்றவை அவை. மாசக் கடைசியில் டார்கெட் வைத்து, 38 டெசிபல் ஆளுக்கு உச்ச விலை மிஷினைக் கட்டுகிற வேலைக்கு இந்தப் படிப்பு படித்தவர்களைத்தான் வைக்கிறார்கள். சம்பளம் அங்கே கூடுதல் என்பதும் உண்மை. அங்கே போகாதே என்று நான் சொல்வதில்லை, கல்விக் கடன் யாருக்குத்தான் இல்லை. ஆனால் மறுபடி வந்து காட்டுங்கள் என்று எத்தனை பேரிடம் சொன்னாய், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள் என்பேன். அந்த நோட்டு காலியாகிற இடத்தில் ரொம்ப நாள் இருக்கக் கூடாது.

இந்த வருஷம் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டு வந்தவள் அடுத்த தெருப் பெண். அப்பா எண்ணூர்த் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். பெண்ணுக்கு ஒரு தயக்கம். "அங்க இங்கிலீஷ்லயே பேசுவாங்களாமே ஆயா. எனக்கு நம்ம பாஷைதான் வருது" என்றாள். இங்கிலீஷ் ஒரு வருடத்தில் வந்துவிடும், மெய்யாகவே வந்துவிடும், எனக்கு வந்தது. ஆனால் ஒரு பிரஸ் ஆபரேட்டர் எதிரில் வந்து உட்கார்ந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஷிப்ட் எப்போது விட்டது, ஓவர்டைம் உண்டா, காதில் பஞ்சு வைப்பாரா, பஞ்சு ஒன்றுக்கும் உதவாது என்று யாராவது சொன்னார்களா, ராத்திரி காதுக்குள் வண்டு கத்துகிறதா, அதனால் தூக்கம் போகிறதா, தூக்கத்துக்காகக் குடிக்கிறாரா. "டின்னிடஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார். வண்டு என்றால் நிமிர்ந்து பார்ப்பார். பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்கள் இந்த இடத்தில் தடுமாறி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் எனக்கிருந்த சோதனை அறை ரோட்டோரம். சத்தம் புகாத அறை என்று பெயர். உயர்ந்த சுருதியில் சோதிக்கும்போது பிரச்சினை இல்லை, 250 ஹெர்ட்ஸுக்கு வந்தால் வெளியே போகிற கன்டெய்னர் லாரி உள்ளே வந்துவிடும். கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, லாரி போகும் வரை காத்திருந்து, மறுபடி தொடங்குவேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்பட்டு அந்த நேரத்தில் எழுதிய எண் பொய்யான எண். அது நஷ்டஈட்டுக் கோர்ட்டு வரைக்கும் போகலாம், ஒரு குழந்தையின் மிஷினுக்குள் போகலாம். வரிசையில் நிற்கிற நாற்பது பேர் கத்தினாலும் லாரி போகிற வரை காத்திரு என்று அவளிடம் சொன்னேன். "எங்க நைனா லாரியா இருந்தாலுமா?" என்றாள். அதற்கும்தான்.

பொறுமை வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அவளுக்குச் சொன்னது அதைவிடச் சின்ன விஷயங்கள். காது கேட்காதவரிடம் கத்தாதே, கத்தினால் உன் முகம் கோணும், அவர் படிக்கிற உதடு மாறும். எதிரே உட்கார், உன் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார். சொன்னது புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று காது கேட்காத எந்த ஆளிடமும் சொல்லாதே. அந்த இரண்டு வார்த்தையை என் நைனா உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

கலந்தாய்வுக்கு என்னென்ன காகிதம் என்று அவள் அப்பா கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்டர்ன்ஷிப் வருடத்தில் எங்கே கேட்டு வாங்குவது என்று அவள் கேட்டாள். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே என்று அப்பா சிரித்தார், ஆனால் சரியான கேள்வி. தொழிற்சாலை முகாம் ஒன்றையாவது கேட்டு வாங்கு என்றேன். போவதற்கு முன் ஆட்களிடம் சொல்லியனுப்பு, குறைந்தது பதினாலு மணி நேரம் இரைச்சலில் இல்லாத காதைத்தான் அளக்க வேண்டும். ஷிப்ட் விட்டு நேரே வந்த காது களைத்திருக்கும், இல்லாத இழப்பையும் சேர்த்துக் காட்டும். ஆகவே ஞாயிறு லீவ் முடிந்த திங்கள்கிழமை, முதல் ஷிப்ட் மணி அடிப்பதற்கு முன். ஆடியோமீட்டரையும் நுரை பிளக் பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு அஞ்சரைக்கெல்லாம் கேட்டில் இருக்க வேண்டும். பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரிகிற வரைக்கும் பிடித்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரையும் செய்யவைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடு. சூப்பர்வைசர் நேரமாகிறது என்பார். அவர் காதிலும் ஒன்றைப் போட்டுக் காட்டு.